தண்ணீரில் துடுப்பு: குமரி மாவட்டத்து நீர்வழிகள்



2016-ல் நாடாளுமன்றம் தேசிய நீர்வழிகள் சட்டத்தை நிறைவேற்றியது. நாடு முழுக்க 111 நீர்வழிகளுக்கு வரிசை எண் போட்டது அந்தச் சட்டம். கங்கைக்கு 1, பிரம்மபுத்திராவுக்கு 2, கேரளத்து மேற்குக் கடற்கரைக் கால்வாய்க்கு 3 என்று போகும் பட்டியலில் 13-ஆம் எண் யாருக்கு என்று கேட்டால், நாகர்கோவிலில் சட்டென்று பதில் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். பூவாற்றுக் கடற்கரையில் தொடங்கி இரயுமன்துறைப் பாலம் வரை 11 கிலோமீட்டர். அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். ஊரார் வாயில் ஏ.வி.எம். சானல். சட்டத்தின் கண்ணில் அது தேசிய நீர்வழி. நேரில் போய்ப் பார்த்தால் பல இடங்களில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் மூடிய சாக்கடை; சில இடங்களில் கடல் தின்றுவிட்ட கரை.

இன்றைய பேச்சின் பொருள், கயாக், கனூ என்று இளைஞர்கள் சொல்லும் துடுப்புப் படகு விளையாட்டு. அதை ஏதோ வெளிநாட்டுப் பொழுதுபோக்கு என்று நினைத்து வந்திருப்பவர்கள் இந்த அவையில் இருக்கலாம். அந்த நினைப்பை அசைத்துப் பார்ப்பதுதான் இந்தப் பேச்சின் வேலை. குமரி மாவட்டத்துக்கு இந்த விளையாட்டு வருமானால், சொகுசு விடுதி வழியாக வரக்கூடாது. கடற்கரைப் பிள்ளைகளின் கை வழியாக வர வேண்டும். ஆறும் அவர்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

முதலில் அந்தக் கால்வாயின் கதை. 1847 முதல் 1860 வரை திருவிதாங்கூரை ஆண்டவர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா. 1860-ல் வெட்டு வேலை தொடங்கியது. திருவனந்தபுரத்தில் ஏறினால் கன்னியாகுமரி வரைக்கும் தண்ணீரிலேயே வந்து இறங்க வேண்டும் என்பது திட்டம். அனந்தபத்மநாபர், விக்டோரியா ராணி, அரசர் என்று மூன்று பேரையும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். அதே ஆண்டில் அரசர் காலமானார். பெயர் முழுசாக நின்றது, கால்வாய்தான் முழுசாகவில்லை. பூவாற்றிலிருந்து கொல்லங்கோடு, நீரோடி, வள்ளவிளை, தேங்காப்பட்டணம் என்று கடலை ஒட்டியே வந்து, குளச்சலைத் தாண்டி மண்டைக்காட்டுப் பக்கத்தோடு நின்றுபோனது. கன்னியாகுமரிக்குப் போய்ச் சேரவே இல்லை.

ஆனாலும் வெட்டிய மட்டும் அது நன்றாகவே உழைத்தது. தேங்காய், தேங்காய் மட்டையான கதம்பை, கயிறு, உப்பு, கருவாடு எல்லாம் வள்ளத்தில் போயின. ஆள் ஒருவர் வள்ளத்தின் ஓரத்தில் நின்று நீளமான கம்பைத் தரையில் ஊன்றி, கம்பைப் பிடித்தபடியே பின்னோக்கி நடப்பார். வள்ளம் முன்னோக்கிப் போகும். ஆழம் அதிகமான இடத்தில் துடுப்பு. கால்வாயின் இருபுறமும் தென்னை. தண்ணீருக்குள் கதம்பை அழுகப்போட்ட குழிகள். அந்த நாற்றத்தைக் கவிதையாக்க யாராலும் முடியாது. ஆனால் அந்த நாற்றத்தில்தான் பல நூறு குடும்பங்களின் கயிற்றுத் தொழில் நடந்தது.

1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. எல்லைக்கோடு ஏ.வி.எம். சானலுக்குக் குறுக்கே விழுந்தது. பூவாறு அந்தப் பக்கம், கொல்லங்கோடு இந்தப் பக்கம். ஒரே அரசு வெட்டிய ஒரே கால்வாய்க்கு இரண்டு பொதுப்பணித் துறைகள் வந்தன. அதற்குள் சாலையும் லாரியும் வந்துவிட்டிருந்தன. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான சொத்தை இரண்டு பக்கமும் கவனிக்காமல் விடுவது இந்தியாவில் புதுசு இல்லை. இன்று பூவாற்றில் நெய்யாற்றின் முகத்துவாரத்தை வைத்துக் கேரளம் படகுச் சுற்றுலா நடத்துகிறது, சுற்றிலும் விடுதிகள். அதே தண்ணீரின் தமிழ்நாட்டுப் பக்கத்தில் குப்பை.

இனி விளையாட்டுக்கு வரலாம். கயாக், கனூ இரண்டுக்கும் வித்தியாசம் எளிது. கயாக்கில் காலை முன்னால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் இலை வைத்த ஒரே துடுப்பால் இடதும் வலதுமாக வலிக்க வேண்டும். கனூவில் முழங்காலை ஊன்றி, ஒற்றை இலைத் துடுப்பால் வலிக்க வேண்டும். கயாக் வடதுருவப் பகுதி இனுயிட் மக்களுடையது. கரை ஒதுங்கிய மரத்திலும் திமிங்கில எலும்பிலும் கூடு கட்டி, அதன்மேல் சீல் தோலை இழுத்துத் தைத்தார்கள். கனூ வட அமெரிக்கப் பழங்குடிகளுடையது. பூர்ச்ச மரப்பட்டையில் செய்தார்கள். கூடு கட்டித் தோல் போர்த்தும் அந்த வித்தை ஒகேனக்கல் பரிசல்காரர்களுக்கும் தெரிந்ததுதான்.

ஐரோப்பாவில் இதை விளையாட்டாக மாற்றிய பெருமை ஜான் மெக்ரெகர் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்கு உண்டு. 1865-ல் ‘ராப் ராய்’ என்று பெயர் வைத்த சின்னப் படகில் ஐரோப்பிய ஆறுகளைச் சுற்றிவிட்டு, மறு ஆண்டே அதைப் புத்தகமாகப் போட்டார். அதே 1866-ல் லண்டனில் கனூ கழகமும் தொடங்கினார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் இது பதக்கப் போட்டியானது. பாறையும் சுழலும் நிறைந்த வெள்ளத்தில் ஓட்டும் ஸ்லாலோம் பிரிவு 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சேர்ந்தது.

இந்த வரலாற்றைக் கேட்டால் நமக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். ஆனால் கட்டுமரத்தை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். நாலைந்து மரத்தைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது. அதற்கு உள்பக்கம் என்று ஒன்று கிடையாது. அலை மேலே ஏறும், மரங்களுக்கு நடுவே வடிந்துவிடும். தண்ணீர் நிரம்பி மூழ்க வழியே இல்லை. இன்று உலகெங்கும் கடலோர விடுதிகளில் வாடகைக்கு விடும் பிளாஸ்டிக் கயாக், மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை. உட்காரும் இடத்தில் கீழே வரை துளை போட்டிருப்பார்கள். மேலே ஏறிய தண்ணீர் அதன் வழியே வடியும். கட்டுமரத்தின் யோசனை அப்படியே அதில் இருக்கிறது. ஒரு குறை கட்டுமரத்துக்கு உண்டு. மரம் தண்ணீரைக் குடித்துக் கனத்துப் போகும். அதனால் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரத்தை மரமாகப் பிரித்துப் போட்டு வெயிலில் காய வைப்பார்கள். மறுநாள் மறுபடி கட்டுவார்கள். தினமும் படகைப் பிரித்துக் கட்டுகிறவனுக்குத் தன் படகின் ஒவ்வொரு கட்டும் தெரியும்.

அதன்மேல் ஆள் எப்படி இருப்பான்? காலை மடித்து முழங்காலில் இருப்பான். கடற்கரையில் தொளவை என்று சொல்லும் துடுப்பை இரண்டு கையிலும் பிடித்து, தோளையும் இடுப்பையும் சேர்த்துத் திருப்பி வலிப்பான். வெறும் கை பலத்தில் வலித்தால் அரை மணிக்கு மேல் தாங்காது என்பது அவனுக்குச் சின்ன வயசிலேயே தெரியும். கனூ பயிற்சியாளர்கள் முதல் மாதம் முழுக்க மாணவர்களிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோகும் பாடம் இதுதான்: கையை மறந்துவிடு, உடம்பைத் திருப்பு. இரண்டும் அச்சு அசலாக ஒன்று என்று சொல்ல முடியாது. பந்தயக் கனூவில் ஒரு முழங்கால்தான் கீழே. இன்னொரு கால் முன்னால் ஊன்றியிருக்கும். ஆனால் ஆடுகிற மரத்தின்மேல் முழங்காலில் நின்று சமநிலை பிடிப்பதும், ஒற்றை இலைத் துடுப்பால் திசை திருப்புவதும் குளச்சலிலோ முட்டத்திலோ வளர்ந்த பையனுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயங்கள் இல்லை.

இதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்கலாம். உண்டு. ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியா இந்த விளையாட்டில் வாங்கிய முதல் பதக்கம் 1994 ஹிரோஷிமாவில். சிஜி சதானந்தன், ஜானி ரோமல் ஜோடிக்கு வெண்கலம். அடுத்த பதக்கத்துக்கு 29 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 3-ஆம் தேதி ஹாங்சோவில் அர்ஜுன் சிங், சுனில் சிங் சலாம் ஜோடி வெண்கலம் வென்றது. இரண்டு தடவையும் போட்டி ஒன்றேதான்: ஆண்கள் இருவர் கனூ, 1000 மீட்டர். கயாக் இல்லை, முழங்காலிட்டு ஓட்டும் கனூ. சுனில் சிங் மணிப்பூரின் லோக்தக் ஏரிக்கரைக்காரர். தந்தை அந்த ஏரியில் படகில் மீன்பிடித்துப் பிழைப்பவர். அவருக்குப் படகு அறிமுகமானது பயிற்சி மையத்தில் இல்லை, வீட்டில்.

கேரளம் இந்தக் கணக்கை முன்னமே போட்டுவிட்டது. ஆலப்புழை புன்னமடைக் காயலில் 1952 முதல் நேரு கோப்பை வள்ளம்களி நடக்கிறது. அதே ஆலப்புழையில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் நீர் விளையாட்டு மையமும் இருக்கிறது. காயலில் துடுப்பு பிடித்த கையைப் பந்தயத்துக்குத் திருப்பிவிட்டார்கள். குமரியிலிருந்து ஆலப்புழைக்கு ரயிலில் ஒரு பகல் பயணம் கூட இல்லை. இருந்தும் அந்த யோசனை எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டி வரவில்லை.

படகு வேண்டுமே, அதற்கு எங்கே போவது என்ற கேள்விக்கு முட்டத்தில் பதில் இருந்தது. கட்டுமரத்துக்கு ஏற்ற மரம் கிடைப்பது அரிதாகி, விலையும் ஏறிக்கொண்டே போன காலத்தில், கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் முயற்சியில் முட்டத்தில் படகு கட்டும் மையம் உருவானது. கரையிலிருந்தே அலைக்குள் தள்ளிவிடக்கூடிய, ஒட்டுப்பலகையில் செய்த சின்னப் படகுதான் அவர்கள் குறி. இந்த வேலையில் முன்னின்ற பொறியாளர் பியர் ஜில்லே, அந்த அனுபவத்தை 1985-ல் ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதினார். நாகர்கோவிலிலேயே வெளியான அந்தப் புத்தகத்தின் தலைப்புக்கு, சிறியது கடினம் என்று பொருள். சிறியதே அழகு என்று உலகம் ஷூமாக்கரைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் வைத்த தலைப்பு அது. மீனவனுடைய கையில் ஒரு புதுப் படகைக் கொடுப்பது எவ்வளவு பாடு என்று பட்டுத் தெரிந்துகொண்ட ஆள்தான் அப்படி வைப்பார்.

ஒட்டுப்பலகையில் சின்னப் படகு கட்ட உலகெங்கும் உள்ள ஒரு முறை, பலகையை வடிவத்துக்கு வெட்டி, ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து, தையல் மேல் பிசினும் கண்ணாடி இழையும் வைத்து ஒட்டுவது. இங்கிலாந்தில் வீட்டுக் கொட்டகையில் கயாக் கட்டியவர்களால் பரவிய முறை அது. இந்தக் கடற்கரைக்குத் தையலும் புதுசு இல்லை. கரமடி வலை இழுக்கும் பெரிய வள்ளங்களை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டிய கரை இது. ஒருவர் ஓட்டும் பந்தய கயாக்கின் அதிகபட்ச நீளம் 5.2 மீட்டர், குறைந்தபட்ச எடை 12 கிலோ. அந்தப் பந்தயப் படகைக் கட்ட வேறு வித்தை வேண்டும், உண்மைதான். ஆனால் பள்ளிப் பிள்ளைகள் பழகுவதற்கான படகைக் கட்டத் தெரிந்த கை இந்த மாவட்டத்தில் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன, கட்டுமரம் கரையேறிவிட்டது. அதோடு கட்டத் தெரிந்த கையும் வேறு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இது அவசரமான விஷயம்.

சரி, எந்தத் தண்ணீரில் ஓட்டுவது? இங்கேதான் எச்சரிக்கையும் வேண்டும். ஆறு அழகாக இருக்கிறது என்பதற்காக எல்லா இடத்திலும் படகை இறக்கிவிட முடியாது.

இந்த மாவட்டத்தின் பெரிய ஆறு தாமிரபரணி. திருநெல்வேலித் தாமிரபரணி வேறு, இது வேறு. குழப்பம் வேண்டாம் என்று ஊரார் குழித்துறையாறு என்பார்கள். கோதையாறும் பறளியாறும் சேர்ந்து உண்டாவது. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலை இந்த இரண்டும் சுற்றி வளைத்து ஓடி, மூவாற்றுமுகத்தில் கலக்கின்றன. அந்தக் கோயில் நம்மாழ்வார் பாடிய தலம்.   கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை, 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்தது, கட்டிய பொறியாளர் மிஞ்சின். பறளியாற்றில் பெருஞ்சாணி அணை 1950-களின் தொடக்கத்தில் வந்தது. பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், காமராஜர் ஆட்சிக் காலத்துத் திட்டமான மாத்தூர் தொட்டிப்பாலம் தண்ணீரை ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கொண்டுபோகிறது. தொட்டிப்பாலத்தின் மேலே நடந்து பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். தூணின் அடியில் ஆற்றில் மிதந்தபடி அதை அண்ணாந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

திற்பரப்பு அருவிக்கு மேலே ஆறு ஒரே பாறையாகக் கிடக்கிறது. கால் கிலோமீட்டர் மேலே பழைய அணைக்கட்டு. அதற்குப் பின்னால் தேங்கி நிற்கும் தண்ணீரில் சுற்றுலாப் படகு ஓடுகிறது. இருபுறமும் ரப்பரும் தென்னையுமாக, பார்க்க ஆசையாக இருக்கும். துடுப்புப் படகுக்கும் நல்ல இடம்தான், அணைக்கட்டை விட்டு விலகி இருக்கும் வரை.

அணைக்கட்டு, தடுப்பணை, சப்பாத்து என்னும் தரைப்பாலம்: இந்த மூன்றும்தான் துடுப்புக்காரனுக்கு முதல் எதிரி. பெரிய அருவியைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். நாலடித் தடுப்பணையைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. மேலிருந்து படகில் வரும்போது அது கண்ணுக்கே தெரியாது. தண்ணீருக்குக் குறுக்கே ஒரு நேர்கோடு தெரியும், அதற்கு அப்பால் தென்னை மரங்களின் அடிப்பாகம் காணாமல் போயிருக்கும், அவ்வளவுதான் அடையாளம். விளிம்பைத் தாண்டி விழும் தண்ணீர் அடியில் போய் மோதி, மேலே வந்து, திரும்பவும் அணையை நோக்கியே சுருளும். அந்தச் சுருளில் அகப்பட்ட படகு குறுக்காகத் திரும்பி அங்கேயே நிற்கும். ஆளும் அப்படியே. உயிர்க்கவசம் போட்டிருந்தால் மிதப்பான்; ஆனால் மிதக்கிறவனையும் தண்ணீர் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். தேங்காய் ஒன்று அந்த இடத்தில் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்தால் புரிந்துவிடும். மழைக்காலத்தில் குழித்துறைச் சப்பாத்தில் போக்குவரத்தை நிறுத்துவது நடந்து போகிறவர்களுக்காக மட்டும் இல்லை. ஆற்றைப் படிக்கத் தெரிந்தவன் தடுப்பணைக்கு நல்ல தூரம் முன்னாலேயே கரை சேர்ந்து, படகைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து தாண்டுவான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாவட்டத்தின் இன்னொரு ஆறான பழையாற்றில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அது காலங்காலமாகப் பாசன ஆறு. சபரி அணை, குமரி அணை என்று வழி நெடுக அணைகள். அணைக்கு ஒரு கால்வாய், கால்வாய்க்கு ஏலா என்னும் ஒரு வயல்பரப்பு. நாஞ்சில் நாட்டு நெல் அந்த அணைகளில் விளைந்தது. படகுக்காக அவற்றைக் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல வேண்டியது வேறொன்றை. நாகர்கோவில் நகரத்தின் கழிவு பழையாற்றில் கலக்கிறது. வீரநாராயணமங்கலத்துக்காரரான நாஞ்சில் நாடனின் எழுத்தில் ஓடும் பழையாற்றைப் படித்துவிட்டு, ஒழுகினசேரிப் பாலத்தில் நின்று கீழே பார்க்கிறவர்களுக்கு மனசு கனத்துப் போகும். ஆகாயத்தாமரை அடர்ந்த தண்ணீரில் துடுப்பு வைத்தால், ஒவ்வொரு வலிப்புக்கும் இலையில் ஒரு கொத்து வேர் தொங்கிக்கொண்டு வரும். பத்து நிமிடத்தில் தோள் கழன்றுவிடும்.

துடுப்புக்கு உகந்த தண்ணீர் கடலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. குழித்துறைக்குக் கீழே ஆறு அகன்று, மெதுவாகி, பரக்காணி தாண்டித் தேங்காப்பட்டணத்துக்குப் போகிறது. கடல் நீர் உள்ளே ஏறாமல் இருக்கப் பரக்காணியில் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே உள்ள பகுதியில் ஓதம் ஏறி இறங்கும். இந்தக் கரையில் ஓத வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். அதனால் பழகுகிறவர்களுக்குப் பயமில்லை. இருகரையிலும் தென்னந்தோப்பு. தேங்காப்பட்டணத்தைத் தோப்பில் முகமது மீரானின் நாவல்களில் படித்தவர்களுக்கு, அந்த ஊரைத் தண்ணீரின் பக்கமிருந்து பார்த்தால் வேறொரு ஊராகத் தெரியும். ஒன்று மட்டும் நினைவில் இருக்க வேண்டும்: ஆறு கடலில் சேரும் பொழிக்கு அருகே போகக்கூடாது. தேங்காப்பட்டணம் துறைமுகத்தின் முகப்பில் மணல் மேடிட்டு, கடலில் பழுத்த மீனவர்களின் வள்ளங்களே கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. அலையும் ஆறும் மோதும் இடத்தில் 12 கிலோ படகுக்கு வேலை கிடையாது.

ஆற்றில் மணல் அள்ளிய குழிகளும் உண்டு. இடுப்பளவுத் தண்ணீர் என்று இறங்கினால் அடுத்த அடியில் கயம். கவிழ்ந்தால் நடந்தே கரையேறிவிடலாம் என்ற நம்பிக்கையில் இந்த ஆற்றில் யாரும் படகை இறக்க வேண்டாம்.

கிழக்கே மணக்குடிக் காயல். பழையாறு கடலில் சேரும் இடம். அலையாத்தி மரங்கள், உப்பளங்கள், குளிர்காலத்தில் பூநாரை. ஆழம் குறைவு, நீரோட்டம் மெது. வேனிலில் பொழி மணலால் அடைத்துக்கொள்ளும், மழையில் உடையும். 2004 டிசம்பர் 26 அன்று மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலத்தைச் சுனாமி பிடுங்கி எறிந்த இடமும் இதுதான். அந்த ஊரில் தண்ணீரைப் பொழுதுபோக்கு என்று சொல்லிப் பேசுகிறவன் நிதானமாகப் பேச வேண்டும். முதலில் அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டுப் பேச வேண்டும்.

சுசீந்திரம், தேரூர் குளங்களில் கயாக் விடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். வேண்டாம். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம் அது. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் இரை தேடும் இடத்தில் துடுப்புச் சத்தத்துக்கு அவசியம் என்ன? இத்தனை ஆறும் கால்வாயும் இருக்கிறபோது பறவைகளிடம் போய் இடம் கேட்பது நியாயமில்லை. பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தின் கதை வேறு. நீர்த்தேக்கத்துக்கு அப்பால் உள்ள காணி மக்களின் குடியிருப்புகளுக்குப் படகுதான் வழி. அங்கே படகு அன்றாடத் தேவை. 1000 மீட்டர் பந்தயப் பாதை போடும் அளவுக்குத் தண்ணீர் பரப்பு அங்கே உண்டு என்றாலும், சுற்றிலும் காட்டுயிர் சரணாலயம். வனத்துறையும் காணி மக்களும் சம்மதிக்காமல் அங்கே ஒரு மிதவை கூடக் கட்டக்கூடாது.

ஆக, கடைசியில் பேச்சு மறுபடி ஏ.வி.எம். சானலுக்கே வருகிறது. அகலம் குறைவு, ஆழம் குறைவு, நீரோட்டம் கிட்டத்தட்ட இல்லை, கடல் தின்றுவிட்ட இடங்கள் போகக் கடலலையும் எட்டாது. பழகுகிறவனுக்கு இதைவிடத் தோதான தண்ணீர் அமையாது. கால்வாயின் ஒரு கரையில் இருப்பது மீனவர் ஊர்கள். அந்த ஊர்களின் பையன்கள், பள்ளி முடிந்ததும் ஆழ்கடல் விசைப்படகில் ஏறி மாதக்கணக்கில் குஜராத் வரைக்கும் போகிறவர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை வீடுகளில் எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்பதை இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, கடற்கரை மக்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஆட்களைக் கரை சேர்த்தார்கள். எஞ்சின் படகு நுழைய முடியாத சந்துகளில் துடுப்பு தெரிந்தவன் என்ன செய்வான் என்பதை அந்த வெள்ளம் காட்டியது. 2021 நவம்பரில் இந்த மாவட்டமே மூழ்கியபோது அந்தத் தேவை வீட்டு வாசலுக்கு வந்தது.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடற்கரையில் பெண்கள் மீன் விற்பார்கள், வலை பின்னுவார்கள், கணக்கு பார்ப்பார்கள். கட்டுமரத்தில் ஏறுவது மட்டும் வழக்கமில்லை. கால்வாய்த் தண்ணீருக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. மாற்றுத்திறனாளி வீராங்கனை பிராச்சி யாதவ், போபால் ஏரியில் பழகி, ஹாங்சோ ஆசியப் பாரா போட்டியில் கயாக்கில் தங்கம் வாங்கினார். கால் ஒத்துழைக்காதவர்களுக்கும் இடம் தரும் விளையாட்டு இது.

செய்ய வேண்டியது பெரிய திட்டம் இல்லை. 11 கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் தூர்வாரக் காத்திருந்தால் இன்னொரு தலைமுறை போய்விடும். ஒரு கிலோமீட்டர் போதும், அது நேராகவும் சுத்தமாகவும் இருந்தால். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம், படகு வைக்க ஒரு ஓலைக் கொட்டகை, எல்லோருக்கும் உயிர்க்கவசம், நீச்சல் தெரியாதவரை ஏற்றக்கூடாது என்ற கறாரான சட்டம். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு. இரண்டுக்கும் தப்பித் தை முதல் பங்குனி வரை தண்ணீர் அமைதியாகக் கிடக்கும். அந்த மாதங்களிலும் காலையில் இறங்கி, வெயில் ஏறுமுன் கரைக்கு வந்துவிட வேண்டும். முற்பகலில் கடற்காற்று எழுந்தால் லேசான படகைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

யாரிடம் அனுமதி கேட்பது என்பதற்கும் பதில் சட்டத்தில் இருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், எஞ்சின் இல்லாத படகுகளுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கி, அவற்றைப் பதிவு செய்யும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகள் வரைக்கும் கொண்டுவர இடம் கொடுத்திருக்கிறது. கயாக்கும் கனூவும் அந்த வகைதான். டெல்லிக்கோ சென்னைக்கோ மனு எழுதுவதற்கு முன்னால், கொல்லங்கோடு நகராட்சி அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்துப் பார்க்கலாம்.